பழைய லேத் மக்கர் பண்ணினால்: உப்புக்காற்று ஊரில் கோளாறு பார்க்கும் வழி

ஏப்ரல் 15 வந்துவிட்டால் மீன்பிடித் தடைக்காலம், இந்தக் கரையில் விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது. படகுக்கு ஓய்வு, இரும்பு கடைகிற லேத்துக்கு வேலை. புரொப்பல்லர் தண்டு, கன்மெட்டல் புஷ், வின்ச் பின் என்று வரிசையாக வந்து இறங்கும், சரியாக அந்த வாரம் பார்த்து மெஷின் மக்கர் பண்ணும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் வீட்டுக்குப் பின்னால், கடலுக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில், சிமெண்ட் ஷீட் கொட்டகையில் ஒரு நாலரை அடி லேத்தும் ஒரு பில்லர் டிரில்லும் ஒரு கிரைண்டரும் வைத்திருக்கிறேன். லேத் கோயம்புத்தூர்ப் பக்கம் மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கியது. பெயர்த்தகடுகூட இல்லை.

அதே பத்துப் பன்னிரண்டு கோளாறுதான் மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் "பியரிங் போச்சு", "மோட்டார் போச்சு" என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தால் உப்பு, ஈரம், குறைந்த கரண்ட், இல்லாவிட்டால் மணல் தரை. அதனால் செலவே இல்லாத காரணத்தை முதலிலும் பணம் கேட்கிற காரணத்தைக் கடைசியிலும் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் மெஷினில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

ஒன்று மட்டும் எல்லாத் தலைப்புக்கும் பொது. கை வைக்கும் முன் ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணினால் போதாது, மெயின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். லுங்கி, துண்டு, முழுக்கைச் சட்டை, கையுறை எதுவும் சுற்றுகிற சக் (சாமானைப் பிடிக்கும் தலை) பக்கத்தில் வேண்டாம்.

## மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

உறுமும்போது பத்து விநாடிக்கு மேல் விடாதீர்கள், உடனே ஆஃப். காயில் எரிவது அந்த நேரத்தில்தான்.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டார் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

புல்லி கையால் சுற்றவில்லை, அல்லது கரகரவென்கிறது: மோட்டார் பியரிங். மழை மாதத்தில் இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் விட்டால் உள்ளே துரு பிடித்து இறுகிவிடும். பியரிங்கின் பக்கத்தில் 6204, 6205 என்று எண் இருக்கும், அதே எண்ணில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தகர மூடி போட்டது இங்கே உழைக்காது.

மோட்டார் லேசாகச் சுற்றுகிறது, லேத்தின் பெரிய புல்லிதான் இறுகியிருக்கிறது: மோட்டாரில் குறை இல்லை. வேகம் குறைக்கிற பேக் கியரில் பின்னும் கியரும் சேர்ந்து மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இது எனக்கே இரண்டு தடவை நடந்திருக்கிறது, வெளியே சொன்னதில்லை.

இரண்டுமே லேசாகச் சுற்றுகிறது, சிங்கிள் பேஸ் மோட்டார்: மோட்டார் ஓட முயலும்போது டெர்மினலிலேயே வோல்ட் பாருங்கள், பிளக்கில் பார்த்தால் போதாது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் இழுவை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஏனென்றால் இழுவை வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. சாயங்காலம் மட்டும் இப்படி என்றால் லைன் பிரச்சினை. எந்நேரமும் என்றால் உங்கள் ஒயர்: வீட்டிலிருந்து கொட்டகைக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்திருப்பீர்கள், 2.5 போடுங்கள்.

வோல்ட் சரி என்றால் அடுத்தது கெப்பாசிட்டர். கை வைக்கும் முன் அதன் இரண்டு முனையையும் ஒரு பழைய குண்டு பல்பு வழியாகச் சேர்த்து உள்ளே இருக்கும் கரண்டை வடித்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க விடுவது வேண்டாம். மேலே எழுதியிருக்கும் எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) அளவுக்கு இருபது சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அல்லது உப்பியிருந்தால், தூக்கிப் போடுங்கள்.

அதுவும் நன்றாக இருந்தால் சென்ட்ரிஃபூகல் சுவிட்ச், அதாவது மோட்டார் வேகம் எடுத்ததும் ஸ்டார்ட் காயிலைத் துண்டிக்கிற சுவிட்ச். நல்ல மோட்டாரை ஆஃப் பண்ணினால் வேகம் குறைந்து நிற்கப்போகும்போது உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். உங்கள் மோட்டார் எப்போதோ அந்தச் சத்தத்தை நிறுத்தியிருக்கும், நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். பின் மூடியைத் திறந்தால் பாயிண்டில் பச்சை பூத்திருக்கும், எடைத்துண்டுகள் உப்பில் இறுகியிருக்கும். பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, எடைத்துண்டுகளை மண்ணெண்ணெய் விட்டு அசைத்துவிட்டால் முக்கால்வாசி ஓடிவிடும். உப்பு பண்ணின வேலையை உப்புத்தாள் சரி பண்ணுகிறது. நான் முதல் தடவை இது தெரியாமல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் காயில் கட்டக் கொடுத்தேன். புதுக் காயில் கட்டி வந்தது, மாட்டினேன், அதே உறுமல். சுவிட்ச் தொடப்படவே இல்லை.

மூன்று பேஸ் மோட்டார்: ஒரு பேஸ் வரவில்லை. டெஸ்டரை நம்பாதீர்கள், விட்டுப்போன பேஸிலும் மோட்டார் வழியாகத் திரும்பி வந்து விளக்கு எரியும். மல்ட்டிமீட்டரால் மூன்று ஜோடியாகப் பாருங்கள், மூன்றிலும் 400-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபியூஸ் கேரியரின் செம்பு நாக்கு, ஸ்டார்ட்டர் பாயிண்ட், டெர்மினல் திருகு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் எங்காவது ஒன்று கறுத்தோ பச்சையாகவோ இருக்கும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் இல்லாத ஸ்டார்ட்டர் என்றால் இப்போதே ஒன்று மாட்டச் சொல்லுங்கள், காயில் கட்டுகிற கூலியோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

வார்னிஷ் கருகிய வாசனை வந்துவிட்டால் மேலே சொன்ன எதையும் பார்க்க வேண்டாம். நேராகக் காயில் கட்டுகிற கடை. ஆனால் கொடுக்கும்போது, "சுவிட்ச்சையும் பாருங்கண்ணே" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

## மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது

நிறுத்துங்கள். "லேசாத்தான் அடிக்குது, செருப்புப் போட்டுக்கிட்டா தெரியாது" என்று இங்கே எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வியர்வையும் ஈரத் தரையும் சேருகிற ஒரு நாள் போதும்.

நீங்களாகப் பார்க்கக்கூடியது இரண்டே இரண்டு. எர்த் ஒயர் மெஷின் உடம்பில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் திருகப்பட்டிருக்கிறதா, அந்தத் திருகு துருப்பிடித்துப் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா. அடுத்து எர்த் குழி: மணல் காய்ந்தால் எர்த் பிடிக்காது, உப்பு மண்ணில் ஜிஐ பைப் சீக்கிரம் கரைந்துபோகும். என் குழியைத் தோண்டியபோது பைப் இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தூள் மட்டும் கிடைத்தது.

மீதியெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. அவர் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துக் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே பார்ப்பார், ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டக் கூடாது. மழைக்காலத்து ஈரம்தான் காரணம் என்றால் மோட்டாரைத் திறந்து உள்ளே நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை இரவு முழுக்க எரியவிட்டால் அளவு ஏறிவிடும். ஏறாவிட்டால் காயில். அவர் வந்திருக்கும்போதே கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைக் கொட்டகைக்குத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

## சுற்றுகிறது, ஆனால் வெட்டு வைத்தால் நின்றுவிடுகிறது

பெல்ட் கிறீச்சிட்டு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல். மோட்டாரும் சேர்ந்து திணறினால் மேலே சொன்ன வோல்ட் கதை, அங்கே போங்கள்.

வழுக்கலுக்கு முதலில் எண்ணெய். சக்கைச் சுழற்றுகிற பெட்டியான ஹெட்ஸ்டாக்கில் இருந்து வடிகிற ஆயில் பெல்ட்டில் படும். சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள், பெட்ரோல் வேண்டாம். அடுத்து இறுக்கம்: இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், புல்லிகளுக்கு இடையே அரை மீட்டர் இருந்தால் எட்டு மில்லி (மில்லிமீட்டர்) இறங்க வேண்டும். இதைவிட இறுக்கினால் பியரிங் போகும். அதற்கும் அடங்கவில்லையென்றால் பெல்ட் புல்லியின் அடிப்பள்ளத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். வி பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும், பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் புல்லி தேய்ந்துவிட்டது அல்லது பி பெல்ட் ஓட வேண்டிய இடத்தில் ஏ பெல்ட் ஓடுகிறது. பி என்றால் மேல் அகலம் 17 மில்லி, ஏ என்றால் 13. இரட்டைப் பெல்ட் மெஷினில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், புதியதே எல்லாப் பாரத்தையும் இழுத்துச் சாகும்.

## ராத்திரி துடைத்து வைத்த பெட், காலையில் சிவப்பு

பெட் என்பது லேத்தின் நீளமான வார்ப்பிரும்பு அடித்தளம். நம் ஊர்க் கோளாறு என்றால் இதுதான், மற்றதெல்லாம் எந்த ஊரிலும் வரும். துருவின் முகத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

பரவலாக, மெல்லிசாக, துடைத்தால் வந்துவிடுகிற செம்மை: பனி ஈரம். வார்ப்பிரும்பு இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும், சூடேற நேரமாகும். வெயில் ஏறியதும் கடலில் இருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வரும்போது கதவைத் திறந்து வைத்தால், குளிர்ந்த செம்பைச் சுற்றி வியர்க்கிற மாதிரி பெட் வியர்க்கும். ஒரு தடவை காலை ஏழு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள், சக்கின் மேல் ஊசிமுனை அளவில் துளித்துளியாக நிற்பது கண்ணுக்கே தெரியும். அதனால் காலையில் கதவைச் சீக்கிரம் திறக்காதீர்கள். பெட்டுக்குக் கீழே ட்ரேயில் ஒரு நாற்பது அல்லது அறுபது வாட் குண்டு பல்பு இரவில் எரிந்தால் இரும்பு காற்றைவிட ஒரு படி சூடாக இருக்கும், ஈரம் இறங்காது. எல்இடி இதற்கு உதவாது, சூடே கிடையாது. குண்டு பல்பு இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, கிடைக்கிற இடத்தில் நாலைந்தாக வாங்கி வையுங்கள்.

ஆயிலுக்கு அடியிலேயே கறுப்புப் புள்ளிகள்: உப்பு. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் காலையில் ஆயில் இல்லாத ஒரு பரப்பை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அந்த உப்பின் மேல் ஆயிலைத் தடவுவது திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுகிற வேலை. ஆயிலுக்கு உப்பு கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். ஆகவே வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, உடனே காய்ந்த பனியன் வேஸ்டால் ஒரு துடைப்பு, அதற்கப்புறம் ஆயில். "லேத்தில் தண்ணியா?" என்று பார்ப்பவர்கள் பதறுவார்கள், பதறட்டும். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவது. கிணற்றுத் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், நம் கிணறுகளில் பாதி கடலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூலண்ட் கலக்கவும் இதே தண்ணீர்தான், உவர்த் தண்ணீரில் கலந்தால் பால் திரிந்த மாதிரி ஆயில் பிரிந்து மேலே மிதக்கும்.

விரல் ரேகை வடிவத்தில்: உங்கள் வியர்வை. வேலை முடிந்ததும் கைபட்ட இடத்தைத் துடையுங்கள், தீர்ந்தது.

மூடி வைத்திருந்தும் துரு: மூடியே காரணம். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். பழைய பருத்திப் போர்வையை ஆயில் தெளித்துப் போர்த்துங்கள்.

ஒரே நாளில் கொட்டகை முழுக்க, புது டிரில் பிட் உட்பட: யாரோ ஆசிட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கழிப்பறை ஆசிட் பாட்டில் மூடியோடு இருந்தாலும் ஆவி கசியும், அதைக் கொட்டகைக்குள்ளேயே வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கருவாட்டையும் நான் ஒரு காலத்தில் சந்தேகப்பட்டேன், அது பாவம், வாசனை மட்டும்தான்.

எந்த ஆயில் என்று கேட்பார்கள். ஸ்லைடுவே ஆயில் 68 கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் புது எஸ்ஏஇ 30. படகு எஞ்சினில் வடித்த கறுப்பு ஆயில் வேண்டாம், அதில் அமிலமும் கரியும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் பிசினாகி ஒட்டிக்கொள்ளும்.

ஏற்கனவே துரு ஏறிய சிறு பாகங்களுக்கு, வாஷிங் சோடா லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்த பிளாஸ்டிக் வாளி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், மைனஸ் பாகத்துக்கு, பிளஸ் ஒரு சாதா இரும்புத் துண்டுக்கு, ஒரு ராத்திரி. பிளஸில் எவர்சில்வரை மாட்டாதீர்கள், விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும், ஆகவே வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள், பீடி பக்கத்தில் வேண்டாம். பெட்டிலேயே குழி விழுந்துவிட்டதா? குழியைத் தேய்த்து எடுக்கப் போகாதீர்கள், எமரி போட்டால் பெட்டின் மட்டம்தான் போகும். மேடாக நிற்கிற துருவை மட்டும் ஆயில் தடவிய பழைய பிளேடால் சுரண்டிவிட்டு அப்படியே ஓட்டுங்கள். குழி ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேடுதான் எதிரி. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, முடிந்ததும் முதலில் இருந்து ஆரம்பிப்பது, அங்கேயும் அதே வேலைதான்.

## வெட்டும்போது அலறுகிறது, பரப்பில் அலை அலையாகக் கோடு

இதற்கு உடனே, சக்கைத் தாங்கிச் சுற்றும் ஸ்பிண்டிலின் பியரிங்கைப் பழி சொல்வது வழக்கம். பத்தில் எட்டு தடவை வெட்டுகிற டூல்தான் காரணம்.

டூல் போஸ்டில் இருந்து டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? டூலின் தடிமனைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். முனை மழுங்கியிருக்கிறதா? உயரம் சரியா? உயரத்துக்கு மெல்லிய ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை உருண்டைக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவில் மெதுவாகக் கடிக்க வையுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சென்டர், தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் மேலே. கீழே இருந்தால் அடியில் ஷிம், அதாவது மெல்லிய தகடு. பழைய ஹாக்சா பிளேடுத் துண்டு நல்ல ஷிம்.

அப்புறம் வேகம். சாதா இரும்புக்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 மில்லி தண்டுக்கு 320 × 30 ÷ 40, அதாவது 240 சுற்று. எவர்சில்வர் தண்டு என்றால் அதில் பாதி. சத்தம் வந்தால் வேகத்தைக் குறைத்து ஃபீடை (டூல் முன்னேறும் அளவை) கூட்டுங்கள், பயந்து ஃபீடைக் குறைத்தால் இன்னும் அலறும்.

தண்டு சக்கில் இருந்து அதன் விட்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் நீண்டால் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் சென்டர் கட்டாயம்.

இதெல்லாம் சரி, இன்னும் அலறுகிறதா? டூலை நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடையும் கம்பவுண்டையும் கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஸ்லைடின் தளர்வைச் சரிசெய்கிற கிப் திருகுகளைக் கைப்பிடி சற்றுக் கனமாகச் சுற்றுகிற அளவுக்கு ஒவ்வொன்றாக இறுக்கி லாக் நட் போடுங்கள். கம்பவுண்டுக்கு அப்போது வேலை இல்லை என்றால் அதை முழுக்கவே இறுக்கிவிடுங்கள்.

கடைசியில்தான் ஸ்பிண்டில். சக்கைக் கழற்றி, ஸ்பிண்டில் மூக்கின் மேல் நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை வைத்து, அடியில் இரண்டடி மரச்சட்டத்தைக் கொடுத்து நெம்புங்கள். ரோலர் பியரிங் என்றால் ஊசி 0.02 மில்லி வரை அசைந்தால் பரவாயில்லை, 0.05 தாண்டினால் பின்னால் இருக்கும் நட்டை மிகச் சிறிதாக இறுக்க வேண்டும். கால் சுற்று என்பதே அதிகம். இறுக்கியபின் அரை மணி நேரம் வெறுமனே ஓட்டி ஹெட்ஸ்டாக்கில் கை வையுங்கள்: வெதுவெதுப்பு நல்லது, ஐந்து விநாடி கை வைக்க முடியாத சூடு என்றால் தளர்த்துங்கள். கன்மெட்டல் புஷ் போட்ட பழைய மெஷின் என்றால் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும், ஆயில் அங்கேதான் நிற்கிறது. இறுக்கியும் ஆட்டம் போகவில்லை, அல்லது சுற்றும்போது உள்ளே கற்கள் உருளுகிற சத்தம் என்றால் அனுபவமுள்ள மெஷின் ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். ஸ்பிண்டிலைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினவர்கள் கதை எனக்கு நிறையத் தெரியும்.

## நேராகக் கடைந்தது கூம்பாக வருகிறது

இரண்டு தடவை கடைந்து பாருங்கள், எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும்.

முதலில் சக்கில் மட்டும், டெயில்ஸ்டாக் இல்லாமல்: 40 மில்லி கம்பி, 150 மில்லி வெளியே. நடுவைக் கொஞ்சம் ஆழமாக எடுத்துவிட்டு இரண்டு முனையிலும் மேடாக வளையம் விடுங்கள். டூலைத் தொடாமல் 0.1 மில்லி மட்டும் எடுத்து இரண்டு வளையத்தையும் கடந்து போங்கள். மைக்ரோமீட்டரில் அளங்கள்.

வளையங்கள் சமம், ஆனால் டெயில்ஸ்டாக் வைத்தால் மட்டும் கூம்பு: டெயில்ஸ்டாக் நகர்ந்திருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்கம் தடித்திருந்தால் அதை உங்கள் பக்கம் நகர்த்துங்கள், விட்ட வித்தியாசத்தில் பாதி தூரம்.

வளையங்களே சமமில்லை: பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பெட் வளைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள், தரை இறங்கியிருக்கிறது.

எனக்கு இது விளங்க ஒரு மழைக்காலம் ஆனது. மணலின் மேல் நாலு அங்குல கான்கிரீட் போட்டு லேத்தை நிறுத்தியிருந்தேன். ஐப்பசி மழைக்கு முன் 0.01-க்குள் வந்துகொண்டிருந்த மெஷின், மார்கழியில் 150 மில்லிக்கு 0.07 கூம்பு போட்டது. பாம்பன்காரர் ஒருவருக்குக் கடைந்து கொடுத்த புஷ் தண்டில் பாதி தூரம் போய் நின்றுகொண்டது. "ஏண்ணே, இது புஷ்ஷா ஆப்பா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. டெயில்ஸ்டாக்கைத்தான் ஒரு வாரம் நோண்டினேன். அப்புறம் ஒரு நாள் கூரையில் இருந்து தண்ணீர் விழுகிற இடத்தைப் பார்த்தேன். சரியாக லேத்தின் முன்கால் பக்கம், மணலைக் கரைத்து ஓரத்தில் கைவிடுகிற அளவுக்குப் பொந்து.

கொத்தனார் மட்டம் இதற்குப் போதாது. மீட்டருக்கு 0.02 மில்லி காட்டுகிற மெஷின் மட்டம் யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் கிடைத்தால் பெட்டின் குறுக்கே ஹெட்ஸ்டாக் பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் வைத்து இரண்டும் ஒரே மாதிரி காட்டும்வரை கால் போல்ட்டைத் திருப்புங்கள். கிடைக்காவிட்டால் அந்த இரண்டு வளையமே மட்டம். டெயில்ஸ்டாக் பக்க வளையம் தடித்திருந்தால் அந்தப் பக்கத்து முன்காலை, அதாவது நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலை, துளி உயர்த்துங்கள். மெலிந்திருந்தால் இறக்குங்கள். மறுபடி 0.1 எடுங்கள், அளங்கள். நாலைந்து தடவையில் வந்துவிடும். காலுக்கடியில் பத்து மில்லி தகடு கொடுங்கள், போல்ட் முனை கான்கிரீட்டைத் தோண்டாது. கூரைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பார்த்தால் வருஷம் ஓடிவிடும்.

## சக் ஆடுகிறது, அல்லது பிடித்த சாமான் நழுவுகிறது

மூன்று ஜா (பிடிக்கும் தாடை) சக்கில் 0.08 வரை ஓட்டம் இருந்தால் அது கோளாறே இல்லை, பிறவியிலேயே அப்படித்தான். அதைவிட அதிகம் என்றால் ஜாக்களின் எண்ணைப் பாருங்கள், 1, 2, 3 வரிசை மாறிப் போட்டிருந்தால் இப்படி ஆகும். பிறகு சக்கைக் கழற்றி பேக் பிளேட்டிலும் மரையிலும் சீவல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், முடி அளவு சீவல் போதும். ஸ்பிண்டிலின் உள்கூம்பில் டயல் வைத்து அது நேராக ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீ கனமாகச் சுற்றினால், ஜாக்களை நகர்த்துகிற ஸ்க்ரோலில் உப்பும் சீவலும் சேர்ந்து கெட்டித்திருக்கும். பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி மெல்லிசாக ஆயில் விடுங்கள், கிரீஸ் அடைக்காதீர்கள், சீவலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நழுவுகிறதா? நல்ல கம்பியோடு முன்னால் ஒரு காகிதத் துண்டு, பின்னால் ஒன்று கொடுத்துப் பிடியுங்கள். பின்னால் இருப்பது இறுகி முன்னால் இருப்பது உருவ வந்தால் ஜா வாய் அகன்றுவிட்டது. ஜா அரைக்கிற வேலையை டூல் போஸ்ட் கிரைண்டர் வைத்திருக்கும் பட்டறையில் கொடுக்கலாம், ஆனால் அந்தக் காசில் பழைய நாலு ஜா சக் ஒன்று கிடைத்தால் நான் அதைத்தான் வாங்குவேன். டயல் வைத்துச் சென்டர் பார்க்க ஐந்து நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.

## கைப்பிடி திரும்புகிறது, டூல் நகரவில்லை

கால் சுற்று வெறுமனே போனாலும் வேலை நடக்கும், எப்போதும் ஒரே திசையில் இருந்து அளவுக்கு வந்தால் போதும். திடீரென்று கூடியிருந்தால் நட்டைப் பிடிக்கிற திருகு கழன்றிருக்கிறது, இறுக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது என்றால் ஸ்க்ரூவின் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே ஆட்டம் என்றால் கன்மெட்டல் நட் மட்டும், இதை நம் ஊர் லேத்திலேயே கடைந்துகொள்ளலாம். நடுவில் மட்டும் அதிகம் என்றால் ஸ்க்ரூவே தேய்ந்தது, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

## மரை போட்டால் இரண்டாவது ஓட்டத்தில் கெட்டுவிடுகிறது

மரை வெட்டும்போது டூலை நகர்த்துகிற லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நாலு மரை, நீங்கள் வெட்டுவது மில்லி மரை. அப்படியென்றால் லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கிற ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது, டூலைப் பின்னால் இழுத்து மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டி ஆரம்பத்துக்கு வாருங்கள். அளவே தப்பாக வந்தால் 127 பல் கியர் இருக்கிறதா என்று பாருங்கள். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127, அது இல்லாமல் மில்லி மரை சுத்தமாக விழாது.

## மெஷின் மூன்று பேஸ், வீட்டில் ஒரு பேஸ்

மேம்படுத்துவது என்று காசு செலவழிக்க ஆசை இருந்தால் நான் முதலில் விஎஃப்டி என்பேன். ஒரு பேஸை உள்ளே வாங்கி மூன்று பேஸ் கொடுக்கும், வேகத்தையும் குமிழைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். வாங்கும் முன் மோட்டார் தகட்டைப் படியுங்கள். 2 குதிரைசக்தி வரை நம் நாட்டு மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட், அதை டெல்டா இணைப்புக்கு மாற்றினால் 230 விஎஃப்டியில் ஓடும். அதற்கு மேலானவை ஏற்கனவே 415-க்கு டெல்டாவில் இருக்கும், அதில் இந்த வித்தை பலிக்காது. ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மூன்றே முனை என்றால் காயில் கட்டுபவர்தான் பிரித்துத் தர வேண்டும்.

மாட்டியபின் இரண்டு ஜாக்கிரதை. மரையில் மாட்டுகிற சக் என்றால் திடீர் பிரேக்கும் வேகமான ரிவர்ஸும் வைக்காதீர்கள், சக் கழன்று உருளும். மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடாகிவிடும். அந்த வேலைக்குப் பேக் கியரே மேல். விஎஃப்டியை மூடிய பெட்டியில், கடல் பக்கச் சுவரில் இல்லாமல் எதிர்ச் சுவரில் மாட்டுங்கள், முடிந்தால் வீட்டுக்குள்.

## சக் பக்கத்தில் கேரேஜ் தளர்வு, டெயில்ஸ்டாக் பக்கத்தில் இறுக்கம்

கேரேஜ் என்பது பெட்டின் மேல் டூலைச் சுமந்து நகர்கிற பாகம். அது இப்படி என்றால் பெட் தேய்ந்திருக்கிறது. எல்லாப் பழைய லேத்தும் சக்கை ஒட்டின ஓர் அடியில்தான் தேயும், வேலை முழுக்க அங்கேதானே. கிப்பைத் தளர்வான இடத்துக்கு ஏற்றபடி இறுக்கினால் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளும், அதனால் இறுக்கமான இடத்துக்கு ஏற்றபடியே வைக்க வேண்டும். எவ்வளவு தேய்மானம் என்று தெரிய ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் போதும். சரி பண்ணுவது என்றால் பெட்டைக் கழற்றிப் பெரிய கிரைண்டர் இருக்கிற ஊருக்கு லாரியில் அனுப்ப வேண்டும், கேரேஜையும் ஸ்க்ரேப் பண்ணி இறக்க வேண்டும், லீட் ஸ்க்ரூ மட்டத்தையும் திருப்பி அமைக்க வேண்டும். நான் விலை கேட்டேன், லேத் வாங்கின காசைவிட அதிகம் சொன்னார்கள். என் பெட்டில் அந்த ஓர் அடியில் 0.08 இருக்கிறது. புஷ்ஷுக்கும் பின்னுக்கும் அது தெரியவே தெரியாது. நீளமான தண்டு வந்தால் மட்டும் டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிவைத்து, அதிகம் தேயாத இடத்தில் கடைந்துகொள்கிறேன்.